பிடித்தம்

இருபத்தெட்டாம் தேதி என்றால்
எனக்கு மதியச் சாப்பாடு கிடையாது.
செனோக்கோ குளிர்க்கிடங்கின் மேல்மாடியில்
நூற்றுப் பதினேழு பேரின் மாதத்தைக்
கூட்டிக் கழித்துக்கொண்டிருப்பேன்.
கூட்டுவது குறைவு.
சேமநிதி, சிண்டா, சங்கச் சந்தா,
யாரோ தொலைத்த பூட்டுக்குப் பன்னிரண்டு வெள்ளி.

இளஞ்சேரனின் சம்பளச் சீட்டில்
ஜூன் முதல் புதிதாக ஒரு வரி.
அந்த வரியே வரிதான்.

கடிதம் என் மேசைக்கு வந்திருந்தது:
இன்னாருக்கு இவ்வளவு பாக்கி,
சம்பளத்தில் பிடித்து அனுப்பவும்.
கடிதம் காரணம் சொல்லாது.
அவர்தான் சொன்னார்,
மைனஸ் இருபதிலிருந்து மேலே வந்தவர்,
மூக்குக்கண்ணாடி முழுக்க மூட்டம்:
“ஒரே பிள்ளை, சிஸ்டர்.
நானும் முழுசா எழுதிட்டேன்.
அவங்களும் முழுசா எழுதிட்டாங்க.”

போன ஏப்ரலில்
ஈசூனில் ஒரு வீட்டில், பொங்கோலில் ஒரு வீட்டில்,
ஏதோ இரண்டு இரவுகளில்
ஒரே படிவத்தின் ஒரே கட்டத்தில்
ஒரே பிறப்புச் சான்றிதழ் எண்.
ஒன்றுவிட்ட ஞாயிறு, விடுமுறையில் பாதி என்று
நீதிமன்றம் பங்கிட்டுத் தந்த பிள்ளையை
இருவருமே
பாதியாக எழுத மறந்திருக்கிறார்கள்.

“ஆளுக்குப் பாதின்னு திருத்தலாமே,
அவங்ககிட்ட பேசி…”
“பேசியா?” என்றார்.
கண்ணாடியைச் சட்டையில் துடைத்தார்.
அது இன்னும் கலங்கலாகியது.
“அவங்க எழுதினது அப்படியே இருக்கட்டும்.
என்கிட்டயே பிடிச்சிருங்க. நாலு மாசமா.”

நானூற்று எட்டு வெள்ளி அறுபது காசு.
மாதம் நூற்றிரண்டு பதினைந்து.
வரித்துறையும் ஒத்துக்கொண்டது.

கதவுவரை போய்த் திரும்பினார்.
“அந்த இடத்துல ‘வரி பாக்கி’ன்னுதான் வரணுமா?
ஓடிப்போன கடன்காரன் மாதிரி இருக்கு.
அவ பேரு போடலாமா?”

விவரக் கட்டத்தில் இருபது எழுத்துக்கு இடமுண்டு.
விதியில் இடமில்லை.
மேலாளர் ஹுவீ மின் கோப்பி வாங்கப் போன நேரம்
தட்டினேன்: குழலி.
ஆங்கிலத்தில் தட்டியிருந்தால் ஒழுங்காக வந்திருக்கும்.
ஏன் தமிழில் தட்டினேன், தெரியவில்லை.
அச்சில் வந்தது:

□□□□□    102.15

மூன்றெழுத்துப் பெயருக்கு ஐந்து பெட்டி.
உகரச் சுழியையும் இகரக் கொக்கியையும்
இயந்திரம் தனித்தனி ஆளாக எண்ணுகிறது.
மன்னிப்புக் கேட்கக் கீழே போனேன்.
இறால் பெட்டிகளுக்கு நடுவே
ஃபோர்க்லிஃப்டை நிறுத்தி,
கையுறையைப் பல்லால் கழற்றி,
சீட்டை விரித்து
முதல் பெட்டியில் ஒரு சரி போட்டார்.

ஜூலையில் ஒன்று. ஆகஸ்ட்டில் ஒன்று.
செப்டம்பரில் நாலாவது.

அக்டோபரில் மேலே வந்தார்.
“கணக்கு முடிஞ்சுது, கையில கூடுதலா வந்திருக்குமே” என்றேன்.
“வந்திருக்கு.”
நின்றுகொண்டே இருந்தார்.
அச்சு இயந்திரத்தில் தாள் தீர்ந்துபோய்
விளக்கு மின்னிக்கொண்டிருந்தது.
“பெட்டி அஞ்சு இருந்துச்சு, சிஸ்டர்.”

தொகை சுழியம் என்றால்
இயந்திரம் அந்த வரியை விழுங்கிவிடும்.
ஆகவே நவம்பரில்
இளஞ்சேரனிடம் ஒரு காசு கழித்தேன்,
பெயர் இருக்கட்டும் என்று.
அதே காசைப் படிகளின் கீழ்க் கூட்டினேன்,
பாவம் வேண்டாம் என்று.

டிசம்பரில் தணிக்கை.
எந்தக் கம்பெனியிலிருந்தோ ஓர் இளைஞன் வருவான்.
வராத ஒரு காசுக்கும் போகாத ஒரு காசுக்கும்
விளக்கம் கேட்பான்.
பிடித்தம் என்பேன்.
அவனுக்குத் தமிழ் தெரிந்திருக்காது.