முதலில் வால்வு

பிர்னோவில் ஏழாவது மாடி. வெளியே பனி,
டிராம் கம்பியில் பச்சைப் பொறி.
ஷிஃப்ட் முடித்து வந்தவள், இன்னும் சீருடையில் நான்.
ராடொவன் கொண்டுவந்திருக்கிறான்
பிரிந்தபோது எடுத்துப்போன வால்வு ப்ரீஆம்ப்பை,
என் பழைய துண்டில் சுற்றி.
டிரான்சிஸ்டர் ஆம்ப் என்னிடமே தங்கிவிட்டது:
கறுப்பு, பதினெட்டுக் கிலோ.
அன்று அவன் முதுகு ஒத்துழைக்கவில்லை.

முதலில் வால்வு, என்கிறான்.
நாற்பது நொடி.
கண்ணாடிக்குள் கங்கு
ஊதாமலே சிவக்கிறது.
பிறகுதான் உன்னுடையது,
மாற்றிப் போட்டால் ஸ்பீக்கர் உதறும்.
தெரியும். ஒருமுறை மாற்றித்தான் போட்டோம்.

செல்லோ வருகிறது.
குரலில் தேன், கால் இல்லை.
"உன் ஆம்ப் அதிகம் இழுக்கிறது,
என் வால்வு அவ்வளவு தராது."
பத்து வருஷம் இதையேதான்
வேறு சொற்களில் கத்தினோம்.

மூடியைத் திறக்கிறான். மின்சாரம் வடியக் காத்திருந்து
சின்ன கெப்பாசிட்டரைக் கழற்றி
கட்டைவிரல் பருமனில் ஒன்றைப் பற்றவைக்கிறான்.
புகைக்கு ஜன்னலைத் திறக்கிறேன்,
பனி உள்ளே வருகிறது.

மறுபடி நாற்பது நொடி.
இப்போது தரை வழியே ஏறுகிறது செல்லோ,
கீழ்வீட்டு ஹவ்ரான்கோவா
துடைப்பக்கட்டையால் கூரையை இடிக்கும்வரை.

அணைக்கும்போது என்னுடையது முதலில்.
வால்வு கொஞ்ச நேரம் சுட்டுக்கொண்டிருந்தது.
துண்டை அவன் கேட்கவில்லை.