மஞ்சள் விழும் இடம்

மான்டிவீடியோவில் மூன்று நாளாக மழை.
மூன்றாம் மாடி, ஜன்னலுக்குக் கறுப்புத் திரை,
மணிக் கணக்கில் வாடகைக்குப் போகும் நுண்ணோக்கி.
அதற்குக் காவல் நான். விஞ்ஞானி இல்லை.
லென்ஸ் துடைப்பவள், எண்ணெய்ச் சொட்டு வைப்பவள்,
முன்பதிவு ஏட்டில் சண்டை தீர்ப்பவள்.

ஆறிலிருந்து ஒன்பது வரை அதேமார் பீரிஸ்.
வெந்நீர்க் குடுவையைக் கக்கத்தில் இடுக்கியபடி வந்தான்.
மாத்தே கிண்ணத்தை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டேன்.
உள்ளே இலைத்தூள் கூடாது.

மூன்று வருடமாக அவன் சொல்வது ஒன்றுதான்:
வளரலாமா வேண்டாமா என்று செல் முடிவெடுப்பது
வெளிச்சுவரில்.
சேதி வெளியிலிருந்துதானே வருகிறது,
வாசலில் நின்றுதானே கேட்டாக வேண்டும்?
நியாயமாகத்தான் இருந்தது.
நியாயமாக இருப்பதையெல்லாம் நான் நம்புவதில்லை,
இந்த இருட்டில் இருபத்தோரு வருடம் இருந்துவிட்டேன்.

முடிவெடுக்கும் அந்தப் புரதக் கூட்டுக்குப்
பச்சை ஒளி பூட்டியிருந்தான்.
நாலைந்து புரதங்கள் கைகோத்து
ஒரே ஆள்போல நடமாடும் கூட்டு.

முதலில் பட்டினி போட்டோம்.
ஐம்பது நிமிடம், உப்புத் தண்ணீர் மட்டும்.
பச்சை எங்கும் இருந்தது, அதாவது எங்கும் இல்லை.
லா பிளாட்டா கடலைத் தொடும் இடத்தில்
நீரா மண்ணா என்று பிரிக்க முடியாதே,
அப்படி.
ஒரு துணுக்கும் குறையவில்லை, ஒன்றும் சாகவில்லை.
பொருள் இருந்தது.
இடம் இல்லை.
ஆகவே ஏவலும் இல்லை.

பிறகு அமினோ அமிலங்கள், இருபது மைக்ரோலிட்டர்.
சாப்பாடு என்றே சொல்லலாம்.
இரண்டாம் நிமிடம் ஒன்றுமில்லை.
நான்காம் நிமிடம் அதேமார் நகம் கடித்தான்.
ஏழில்
பச்சை கூடத் தொடங்கியது.
விளிம்பில் அல்ல.
உள்ளே, உட்கருவை ஒட்டி,
புள்ளி புள்ளியாக.

“ஒளியை ஏற்று நெல்பா, விளிம்பு தெரியும்.”
தெரியும்தான்.
எந்த இருட்டையும் போதுமான அளவு ஏற்றினால்
நாம் ஆசைப்பட்டது தெரியும்.
குமிழிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

ஒப்புக்கு ஒரு சிவப்புச் சாயமும் சேர்த்திருந்தான்,
லைசோசோம்களுக்கு.
உடைந்ததும் பழையதும் தின்றதும்
அமிலத்தில் கரையும் பைகள், செல்லின் குப்பைக் கிடங்கு.
அங்கே நிச்சயமாக இல்லை என்று காட்டுவதற்காக
அந்தச் சிவப்பு.
அதைத் திறந்தேன்.

பச்சையின்மேல் சிவப்பு வந்து
பொருந்தி உட்கார்ந்தது.
மஞ்சள்.
ஒரு செல்லில் நாற்பது மஞ்சள்.
பக்கத்துச் செல்லிலும்.
அதற்கடுத்ததிலும்.

வளர் என்ற உத்தரவு
குப்பைக் கிடங்கின் புறச்சுவரிலிருந்து கிளம்புகிறது.

அவன் பேசவில்லை.
நான் காற்றுக்காகத் திரையை ஒரு சாண் விலக்கினேன்.
கீழே தெருவில் குப்பை பிரிப்பவர் ஒருவர்
நனைந்த அட்டைகளைத் தார்ப்பாயால் மூடிக்கொண்டிருந்தார்.
எந்த வீட்டில் வேலை போயிற்று,
எந்த வீட்டில் பிள்ளை பிறந்தது,
எவர் இறைச்சி வாங்குவதை நிறுத்திவிட்டார்,
பைகளை அவிழ்க்கிறவருக்குத் தெரியும்.
இன்னொரு அறை கட்டலாமா என்று
இந்தத் தெரு யாரிடமாவது கேட்க வேண்டுமென்றால்
வாசல் மணி அடிக்கிறவரிடமா கேட்கும்?

“வெள்ளிக்கிழமை கட்டுரை போக வேண்டும்,” என்றான்
திரையைப் பார்த்துக்கொண்டே.
“இரண்டாம் படத்தில் அம்புக்குறி
வெளிச்சுவரைக் காட்டுகிறது.”
அம்புக்குறியை நகர்த்துவது சுலபம்.
அதன் பின்னால் மூன்று வருடம் நகர வேண்டும்.
நான் அதைச் சொல்லவில்லை. அவனுக்கே தெரியும்,
காது மடல் சிவந்திருந்தது.

“ஒரு தடவை வந்தது போதாது,” என்றான் கடைசியில்.
“நாளை இந்நேரம் காலியா?”
இல்லை. நாளை ஈஸ்ட்காரர்கள்.
ஞாயிறு காலை இருக்கிறது, யாரும் கேட்காத நேரம்.
பென்சிலை நாக்கில் தொட்டு
ஏட்டில் தன் பெயரை எழுதினான்,
மெதுவாக, கட்டத்துக்குள் சரியாக விழும்படி.

ஒன்பது பன்னிரண்டு ஆகியிருந்தது.
பன்னிரண்டு நிமிடத்துக்கு நான் காசு எழுதவில்லை.