குடிக்காத பீர்

வியாழக்கிழமைகளில்
எங்கள் பீர்க்கடையில் விற்கும் ஒவ்வொரு கோப்பைக்கும்
ஒரு டாலர் ஆம்புலன்சுக்கு.
சுப்பீரியர் ஏரிக்கரையில் மூவாயிரம் பேர் வாழும் ஊர்.
குளிர்காலத்தில் உறைந்த ஏரி இரவெல்லாம் முனகும்,
புரண்டு படுக்க இடமில்லாதவர் மாதிரி.
ஊருக்கு ஒரே ஆம்புலன்ஸ்.
அதன் ஹீட்டர் செத்து இரண்டு குளிர்காலம் ஆகியிருந்தது.
நோயாளிக்குப் போர்த்தியதுபோக மிஞ்சிய கம்பளியை
டிரைவர் முழங்காலில் சுற்றிக்கொள்வார்.

நான் இங்கே கணக்கு எழுதுகிறவள்.
வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாதாம்.
தெரியாமல் எப்படி?
வரவு செலவை யார் எழுதுவது?
நான்தான் அந்த இடது கை.

ஆகவே எனக்குத் தெரியும்,
வடித்த பின் மிஞ்சும் பார்லிச் சக்கையை
விடியற்காலையில் அள்ளிப்போகும் பன்றிப்பண்ணை லெம்பி
ஒருநாளும் காசு தந்ததில்லை.
கிறிஸ்துமசுக்கு முந்தின நாள்
காகிதத்தில் சுற்றிய ஒரு முழுத்தொடை
என் மேசைமேல் இருக்கும்.
அதை எந்தத் தலைப்பில் எழுத?
எழுதாமல் சமைத்துவிடுவோம்.

எதிர்ச்சாரியில் இன்னொரு பீர்க்கடை, டெலோர்முடையது.
அவர் எங்களோடு பேசி இரண்டு வருடமாகிறது.
எங்கள் கறுப்பு பீர் தன்னுடைய செய்முறை என்கிறார்.
இருக்கலாம். நான் கேட்டதில்லை.
இந்தப் பிப்ரவரியில்
ஆம்புலன்சுக்கென்றே ஒரு பீர் காய்ச்ச நாள் குறித்தோம்.
அந்த வாரம் பார்த்து எங்கள் கொதிகலனில் விரிசல்.
சாயங்காலம் பின்கதவில் டெலோர்ம்,
மீசையில் பனி, கையில் சாவி.
"பத்து மணிக்கு மேல் என் கலன் சும்மாதான் கிடக்கிறது."
அதையும் சுவரைப் பார்த்துத்தான் சொன்னார்.
விடிய விடியக் காய்ச்சினார்கள்
அவரும் எங்கள் ஐடனும்
முகத்துக்கு முகம் பாராமல்,
ஹாப்பை எப்போது போடுவது என்று மட்டும்
இரண்டு முறை சண்டை பிடித்துக்கொண்டு.
எரிவாயுவுக்கு பில் அனுப்புவார் என்று காத்திருந்தேன்.
பில் வரவில்லை.
பேச்சும் வரவில்லை.

இதெல்லாம் எழுதக்கூடிய கணக்கு.
ஓர்வோ அப்படியில்லை.

கடைசி ஸ்டூல், வெந்நீரில் எலுமிச்சைத் துண்டு.
குடியை விட்டுப் பதினொரு வருடம்.
குடிக்காதவருக்கு இங்கே என்ன வேலை என்று
முதல் வருடம் கேட்டோம்.
எட்டரைக்கு எழுந்து கோட்டை மாட்டி
இருபத்தொரு டாலரைக் கல்லாவில் வைப்பார்,
மூன்று கோப்பையின் விலை.
"முழுசும் ஆம்புலன்சுக்கு. உங்கள் சரக்கைத்தான் நான் தொடவில்லையே."

நன்கொடை என்று எழுதட்டுமா என்றேன்.
"நன்கொடை இல்லை. வாடகை.
அந்த வண்டியில் ஒருமுறை படுத்துப் போனேன்.
இருக்கையெல்லாம் வாந்தி.
ஒரு பெண் கையுறையைக் கழற்றிவிட்டு
வெறுங்கையால் என் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்."
அதற்கு மேல் சொல்லவில்லை.
எலுமிச்சையைக் கரண்டியால் நசுக்கினார்.

விற்பனை என்றால் பீப்பாயில் அளவு குறைய வேண்டும்.
நன்கொடை என்றால் ரசீதை வாங்கமாட்டார்.
வாடகை என்றால் தணிக்கைக்காரர் சிரிப்பார்.
போன டிசம்பரில் வருடக் கணக்கை முடிக்கும்போது
ஒரு கோடு இழுத்துப் புதுப் பத்தி திறந்தேன்.
தலைப்பு, குடிக்காத பீர்.
நூற்றைம்பத்தாறு கோப்பை.
நிமோனியாவில் படுத்த இரண்டு வியாழனுக்கும்
எழுந்து வந்து சேர்த்தே கட்டியிருக்கிறார்.
எங்கள் பூசணி பீரை அது முந்திவிட்டது.

ஹீட்டர் ஏப்ரலில் வந்தது,
பனியெல்லாம் உருகிய பிறகு.
டிரைவர் அந்தக் கம்பளியைத் துவைத்துக் கொண்டுவந்து
ஏனோ எங்களிடம் கொடுத்தார்.
அது இப்போது கடைசி ஸ்டூலில் மடித்துக் கிடக்கிறது.

அந்த வாரமும் எட்டரைக்கு இருபத்தொரு டாலர்.
"ஹீட்டர்தான் வந்துவிட்டதே, ஓர்வோ."
கோட்டின் கடைசிப் பொத்தானைப் போட்டுக்கொண்டே
ஜன்னல் வழியாகச் சாலையைப் பார்த்தார்.
"டயர் எப்படி இருக்கிறது?"