இழுத்த கால்

யாங்கிவே ஏரிக்கரை சால்மன் பண்ணையில்
தொட்டிகளின் மேல் இரும்புக் கிராதிப் பாதை.
யார் நடந்தாலும் மீன்கள் மேலே வரும்.
எடெல்மிரா நடந்தால் மட்டும்
அடித்தரையில் போய் ஒட்டிக்கொள்ளும்.

ஐஸ்பெட்டி விழுந்த கால் அவளுக்கு.
ஓர் அடி அழுத்தம், ஓர் அடி இழுப்பு.
தடுப்பூசி வாரத்தில்
வலையோடு வந்ததும் அந்த நடைதான்.
ஊசிப்புண் ஆறி மூன்று மாதம்.

"மீனுக்கு ஞாபகம் மூணு நொடிதான்"
என்று சிரித்தான் லாரிக்கார கலிந்தோ.
அவள் தொட்டியைக் காட்டினாள், பேசவில்லை.

பிறகு தீனி வாளியை மட்டும் தூக்கி வந்தாள்,
மழையில், ஞாயிற்றுக்கிழமைகளில்கூட.
ஒருநாள் உதட்டைக் கடித்துக்கொண்டு
நொண்டாமல் நடந்து பார்த்தாள்.
ஓடி வந்தன.
வேறு யாருக்கோ வந்ததுபோல
வாளியைக் கவிழ்த்துவிட்டுத் திரும்பினாள்.

நாற்பதாம் நாளோ ஐம்பதோ,
நான் குறித்துவைக்கவில்லை,
இழுத்த காலின் சத்தத்துக்கே
ஒரு முதுகு நீரைக் கீறியது.
அப்புறம் நாலைந்து.
அப்புறம் தொட்டியே கொதித்தது.
வடிகால் ஓரம் ஒன்று மட்டும்
செவுள் படபடக்க அங்கேயே கிடந்தது.
அதன் பக்கமாக
இன்னொரு பிடி எறிந்தாள்.

திங்கள், தரம் பிரிக்கும் நாள்.
வலையை அவளிடம்தான் கொடுத்தார் மேஸ்திரி.
கிராதியில் அழுத்தம், இழுப்பு, அழுத்தம்.
கீழே வாய் திறந்து கூடிவிட்டன.
பாதி வழியில் நின்று
"நீ போ" என்று என்னிடம் நீட்டினாள்.

அதுவரை என் நடை
அவற்றுக்கு வெறும் நடை.