இருபத்து நான்கில் ஒன்று

செக்குபந்தி சொல்கிறது:
வடக்கே அப்பாவு செட்டியார் காகிதக் கிடங்கு,
தெற்கே சந்து,
கிழக்கே கார்ப்பரேஷன் விளக்கு,
மேற்கே கூவத்துக்குப் போகும் பாதை.
இதற்கு உட்பட்ட ஒரு கிரவுண்டு, சிந்தாதிரிப்பேட்டை.
கிடங்கு இப்போது பிரியாணிக் கடை.
பாதையில் போனால்
பறக்கும் ரயிலின் தூண் வருகிறது.

1911இல் தேசிங்கு முதலியார் வாங்கி
இரண்டே வருஷத்தில் அடமானம் வைத்தார்.
மெட்ராஸ் டெரஸ் போட:
செங்கலைக் குத்துக்காக நிறுத்தி
சுண்ணாம்பில் கடுக்காய்த் தண்ணீர் விட்டு
பதினெட்டு நாள் கட்டையால் தட்டினார்கள்.
தட்டிய பெண்களின் கூலி நோட்டில் இருக்கிறது,
பெயர் இல்லை.

மகன்கள் இருவர்.
கூடத்தின் குறுக்கே நாலரை அங்குலச் சுவர்.
பெரியவருக்குப் படிக்கட்டு, தாத்தாவுக்குக் கிணறு.
ஜன்னலைப் பிளந்ததில் எங்களுக்கு மூன்று கம்பி,
அவர்களுக்கு நான்கு.
அதற்கு ஒரு வழக்கு, ஆறு வருஷம்.
விட்டத்தை மட்டும் ‘பொது’ என்று எழுதினார்கள்.
இருபத்திரண்டு அடி பர்மா தேக்கு
சுவரைத் துளைத்துக்கொண்டு
இரண்டு சண்டைகளுக்கு மேலே போனது.

பெரியவர் பாதியைக் குடைக்கம்பி வியாபாரி
ரஹ்மத்துல்லா சாயபு வாங்கினார்.
ஆன்டெனா திருப்ப
அவர் படியேறித்தான் போவான் தம்பி.
‘தெரியுதா?’ என்று மேலிருந்து கத்துவான்.
நாங்கள் வாய் திறப்பதற்குள்
சுவருக்கு அந்தப் பக்கமிருந்து
சாயபுவின் மருமகள் சொல்வாள்:
‘வந்துருச்சு, விட்றாதே!’

எழுபத்து நாலில் ஒரு விடுதலைப் பத்திரம்.
‘எனக்குச் சேர வேண்டியதெல்லாம் சேர்ந்துவிட்டபடியால்’
என்று அத்தை குணபூஷணி கையெழுத்திட்டாள்.
ஆயிரத்து ஒரு ரூபாய்.
அந்த ஒன்று கைக்கு வரவேயில்லை என்று
கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

பாதியில் மூன்றில் ஒன்று அப்பாவுக்கு,
அதில் நாலில் ஒன்று எனக்கு.
நூறு சதுர அடி.
நாடாவைப் பிடித்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடினேன்.
கிணற்றை மூடிய சிமெண்ட் பலகை,
அதைச் சுற்றிய பாசி,
குளியலறைக் கதவு உள்பக்கம் திறக்கும் இடம்.
கிட்டத்தட்ட சரியாக வந்தது.

சார்பதிவாளர் மேசையில்
இயந்திரம் என் கட்டைவிரலை மூன்று முறை மறுத்தது.
பாத்திரம் தேய்க்கிற கை என்றார் எழுத்தர்.
சேலையில் துடைத்து
நாலாவது முறை விற்றேன்.

இடிக்க வந்தவர் முதலில் தேக்கைத்தான் கேட்டார்.
கிரேன் விட்டத்தை உருவியபோது
நூறு வருஷம் சுவருக்குள் கிடந்த முனையில்
சூட்டுக்கோல் வைத்த அடையாளம்:
ஒரு எண், பக்கத்தில் வட்ட வட்டமாய் எழுத்து.
யாருடைய பெயரோ.
வில்லங்கச் சான்றில் அது இல்லை.
அண்ணன் போட்டோ எடுத்தான்.
நான் தடவிப் பார்த்தேன்.

‘அந்த அரை அடிய அறுத்துடலாம்மா,’ என்றார் அவர்,
‘மீதி சுத்தமான மரம்.’