தொண்ணூற்று மூன்று

ஸ்விட்சை அணைத்தும் பல்பு அணையவில்லை.
முழுசாய் எரியவும் இல்லை.
பாத்ரூம் கதவிடுக்கில்
நீர்மோர் நிறத்தில் ஒரு கசிவு.
"ராவெல்லாம் கரண்டு ஓடிக்கினே கீது,
பில்லு யார் கட்றது?" என்றார்
சாயிநாதபுரம் முனிரத்தினம்.
ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கு
நாள் வாடகைக்கு விடும் மூன்று அறைகளில்
நடு அறை.

நான் ஏணியை விரித்ததும்
"ஆள் வரலியா, நீயேதானா?" என்றும் கேட்டார்.
மெயின் எங்கே என்றேன்.

பல்பைக் கழற்றி
ஹோல்டரின் இரண்டு முனையிலும் மீட்டரை வைத்தேன்.
ஸ்விட்ச் அணைந்துதான் இருக்கிறது.
தொண்ணூற்று மூன்று வோல்ட்.
மறுபடி வைத்தேன், எண்பத்தெட்டு.
இருநூற்று முப்பது என்றால் புரியும்.
பூஜ்யம் என்றால் இறங்கிவிடலாம்.
இது, கடைசி பஸ் போயிடுச்சா என்று கேட்டால்
"இப்பத்தான்..." என்று இழுக்கிறவன் பதில்.
டெஸ்டரும் மினுக்கென்றது.
அதை நம்புவதில்லை,
யார் கேட்டாலும் ஆமாம் போடும்.

பையில் எப்போதும் ஒரு குண்டு பல்பு வைத்திருப்பேன்.
அறுபது வாட்.
கடையில் கேட்டால் இப்போது சிரிக்கிறார்கள்.
அதை மாட்டி, அதன் மேலேயே அளந்தேன்.
பூஜ்யம்.
பாரம் ஏற்றியதும்
தொண்ணூற்று மூன்றும் படுத்துவிட்டது.

முனிரத்தினத்துக்குச் சொன்னேன்:
ஒரே பைப்புக்குள்
உயிருள்ள ஒயரும் அணைந்த ஒயரும்
உரசிக்கொண்டே அறுபது அடி வருது.
பக்கத்து வீட்டுக் கருவாட்டு வாசனை மாதிரி,
மூக்குக்கு எட்டும், வயிற்றுக்கு எட்டாது.
குண்டு பல்புக்குச் சோறு வேணும்.
எல்இடி வாசனையிலேயே பிழைச்சுக்கும்.
"பில்லு?"
பைசாக் கணக்குதான்.

அதோடு கிளம்பியிருக்கலாம்.
கை சும்மா இருக்காமல்
கீசர் பிளக்கிலும் குண்டு பல்பை வைத்துப் பார்த்தது.
பேஸுக்கும் நியூட்ரலுக்கும் எரிந்தது.
பேஸுக்கும் எர்த்துக்கும் எரியவில்லை.
மீட்டரில் நூற்றுப் பத்து.
அதே மாதிரி ஒரு வாசனை எண்.
ஆனால் இங்கே
சோறு இருந்தே ஆக வேண்டும்.

பச்சை ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன்.
போர்டு, சுவர், கொல்லைப்பக்கம்,
தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்
முழ உயரத்தில் நறுக்கி விட்டிருந்தார்கள்.
அதன்மேல் நீல டிஸ்டெம்பர், இரண்டு கோட்டு.
நீரில்லா ஆறு, மரமில்லா மலை என்று
எங்கள் ஊரை அடுக்குவார்கள்.
மண் தொடாத எர்த்தையும் சேர்த்துக்கொள்ளலாம்.

"பத்து வருஷமா ஒண்ணும் ஆவலியே?"
"ஆயிருந்தா ஒருதரம்தான் ஆயிருக்கும்."
அவர் கீசரைப் பார்த்தார்.
பிறகு போய்
மூன்று அறைப் பிளக்கையும் அவரே பிடுங்கினார்.

குழி தோண்ட இரண்டு நாள்.
நாலடிக்குக் கீழே பாறைக்கு முந்தின பாறை.
கரி, உப்பு, கரி, உப்பு, பைப்பு.
சித்திரை வைகாசியில் வாரம் ரெண்டு குடம் ஊத்துங்க என்றேன்.
"குடிக்கவே லாரிக்கு நிக்கிறோம்" என்றார்.
துணி துவைத்த தண்ணீர் போதும்.
குண்டு பல்பு எர்த்தில் எரிந்தபோது
மத்தியான வெயிலில் அது எரிவதே தெரியவில்லை,
கையால் மறைத்துக் காட்டினேன்.

கடைசியாக நடு அறை.
முப்பது ரூபாய்க் கெப்பாசிட்டர் ஒன்று போட்டால்
கசிவு நின்றுவிடும்.
ஏணியில் கால் வைத்தேன்.
அசன்சோலிலிருந்து வந்த அம்மா
தலைத்துணியை இறுக்கிக்கொண்டு எழுந்து வந்து
ஏணியைப் பிடித்தாள்.
ஏறுவதற்காகப் பிடிக்கிறாள் என்று நினைத்தேன்.
கட்டிலைக் காட்டினாள், பாத்ரூமைக் காட்டினாள்,
நான்கு விரல், பிறகு ஐந்து.
தூங்கும் புருஷனைக் காட்டி
உதட்டில் விரல் வைத்தாள்.
ஆஸ்பத்திரியில் கற்றுக்கொண்ட ஒரு தமிழ்ச் சொல்
அவளிடம் இருந்தது:
"வேண்டாம்."

பில்லில் எழுதினேன்:
எர்த் குழி, ஆறாயிரத்து நானூறு.
நடு அறை பல்பு, பழுதில்லை, நூற்றைம்பது.
முதல் வரிக்கு முனிரத்தினம் வாயே திறக்கவில்லை.
"பழுதில்லாததுக்கு எதுக்கும்மா நூத்தம்பது?"
பழுதில்லைன்னு தெரிய
ஏணி ஏற வேண்டியிருந்தது, ஐயா.