நாற்பத்தொன்று

அக்குரேய்ரி ஊர் நீச்சல் குளம்,
உடை மாற்றும் அறை.
வெளியே பனி பக்கவாட்டில் அடிக்கிறது.
நாற்பத்தொன்றாம் பெட்டியை
வேறு யாரோ பூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

என் மகன் ஓர்ரிக்கு ஒன்பது வயது.
பதினைந்தாம் குரோமோசோமில்
ஒரு சிறு துண்டு இல்லாமல் பிறந்தவன்.
வியாழக்கிழமை என்றால் நாற்பத்தொன்று.
சாவி இடது மணிக்கட்டில்,
எண் வெளிப்பக்கம் தெரிய.

நாற்பது காலி. நாற்பத்திரண்டும் காலி.
இரண்டையும் திறந்து காட்டினேன்,
வீட்டுத் தரகனைப்போல.
"நாற்பத்தொன்று" என்றான்.
"அதில் ஆள் இருக்கிறார்" என்றேன்.
"நாற்பத்தொன்று."
அதற்குப் பிறகு வந்தது சொல் இல்லை.
தலை தரையில் மோதுமுன்
என் உள்ளங்கையை நடுவில் கொடுத்தேன்.

குளித்துவிட்டு வந்தவர்கள்
கழுவிவிட்ட தரையைச் சுற்றிப் போவதுபோல
எங்களைச் சுற்றிப் போனார்கள்.
ஒருவர் மட்டும் குனிந்து,
"ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுங்கள், சரியாகிவிடும்" என்றார்.
எங்கள் வீட்டு ஃபிரிட்ஜுக்கே பூட்டு.
அதை எங்கே தொடங்கிச் சொல்வது.

நெகிழ்வின்மை என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.
நல்ல மனுஷி, படம்கூட வரைந்தார்:
ரயில் தடம் மாறும் இடத்தில் கருவி பழுது
என்று வைத்துக்கொள்ளுங்கள்.
இந்தத் தீவில் ரயிலே கிடையாது.

ஐம்பது நிமிடம்.
நானும் ஈரத் தரையில் படுத்துக்கொண்டேன்,
அவன் உயரத்திலிருந்து பார்த்தால்
ஏதாவது தெரியுமோ என்று.
எல்லா எண்களும் ஒன்றுபோலத்தான் இருந்தன.
பொய் சொல்ல மாட்டேன், புரியவில்லை.

கடைசியில் வந்தார் அந்த ஆள்,
சிக்வால்டி, மீன்பிடிக் கப்பலில் சமையல்காரர்.
மன்னிப்பும் கேட்கவில்லை, புத்தியும் சொல்லவில்லை.
துணிகளை அள்ளிக் கக்கத்தில் இடுக்கியபடி
பெட்டிக்குள் சொட்டிய ஈரத்தைத்
தன் துண்டாலேயே துடைத்தார்.
"காய்ந்துவிட்டதா, பார்."
ஓர்ரி விரல் வைத்துப் பார்த்தான்.
மூலையில் இன்னும் கொஞ்சம்.
மறுபடி துடைத்தார்.

குளம் மூடப் பன்னிரண்டு நிமிடம் இருந்தது.
பன்னிரண்டும் நீந்தினோம்.

மார்ச்சில் ஒரு வியாழன்,
ஓர்ரி அவன் அம்மாவோடு ரெய்க்யவிக் போயிருந்தான்.
நான் தனியே வந்தேன்.
அறையில் யாருமில்லை.
எல்லாக் கதவுகளும் திறந்து கிடந்தன,
ஒன்றைத் தவிர.
நாற்பத்திரண்டுக்குள் வெளிச்சம்கூட விழுந்திருந்தது.

கோட்டைக் கழற்றிக் கையில் பிடித்தபடி
நின்றேன்.
கொஞ்ச நேரம் என்றுதான் நினைத்தேன்.